கொமடோர் 64 உயிர் பெறவில்லையா? அடாப்டரிலிருந்து தொடங்குங்கள்

"படம் வரவில்லை, ஏதோ சிப் போய்விட்டது" என்று பழைய வீட்டுக் கணினியான கொமடோர் 64ஐத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அடாப்டரை அளந்து பார்த்தீர்களா? பெரும்பாலும் அளந்திருக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் நானும் அளக்கவில்லை. மாமா 1986இல் வாங்கிய கணினி, சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டு ஸ்டோர் ரூமில் முப்பது வருடம் துணி சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, கூடவே இருந்த அடாப்டரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. அப்புறம் அளந்தபோது 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 8 வோல்ட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. எட்டு மெமரி சிப்பில் ஐந்து போயிருந்தன. முன்பே அளந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

இந்தக் கணினியின் அடாப்டர் இரண்டு விதமாக மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட் நேராக சிப்புகளுக்குப் போகிறது, நடுவில் காவல் எதுவும் இல்லை. பழைய அடாப்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே எப்பாக்ஸி ஊற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். சூடு வெளியே போகாது, திறந்து பழுதுபார்க்கவும் முடியாது. உள்ளிருந்து வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெடும்போது மின்சாரம் நின்றுபோனால் பரவாயில்லை. பல சமயம் வோல்டேஜ் ஏறிவிடும், அதுதான் ஆபத்து.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: அடாப்டரைத் தனியாக அளக்கவும்

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், 4.7 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று, ஸ்குரூடிரைவர். அடாப்டர் பிளக் பொருந்தும் ஏழு முனை டின் (DIN) வகை வட்ட சாக்கெட் கிடைத்தால் அதில் கம்பி சால்டர் செய்து (ஈயப்பற்று வைத்து) வைத்துக்கொள்ளுங்கள், அளக்கும்போது கை நழுவாது. இவற்றைத் தேட சிம் லிம் டவருக்குப் போங்கள். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். சிம் லிம் ஸ்குவேர் வேறு, டவர் வேறு, உதிரிபாகங்களுக்கு டவர்தான்.

கணினியை இணைக்காமல் அடாப்டரை மட்டும் சுவர் சாக்கெட்டில் சொருகுங்கள். அதன் மறுமுனைப் பிளக்கில் கம்பிகள் குதிரை லாட வடிவில் நிற்கும். லாடத்தின் இரு கோடியிலும் உள்ள கம்பிகளுக்கு இடையே மீட்டரை ஏசியில் வைத்து அளந்தால் 9 வோல்ட் வரவேண்டும். சுமை இல்லாதபோது 10, 11 என்று காட்டினாலும் தவறில்லை. அடுத்து மீட்டரை டிசிக்கு மாற்றுங்கள். கறுப்பு முனை நடுக் கம்பியில், சிவப்பு முனை அதற்குப் பக்கத்துக் கம்பியில். ஒரு பக்கத்தில் 5 வோல்ட் வரும். மறுபக்கத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சில பிளக்கில் அந்தக் கம்பியே இருக்காது. இப்படி நடுவிலிருந்து எண்ணினால் எண்களைத் தேட வேண்டியதில்லை. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடவலம் மாறும் குழப்பமும் இல்லை.

4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். 5.25க்கு மேலே போனால் அந்த அடாப்டரைக் கணினியில் சொருகவே கூடாது. 5.4 தானே, கொஞ்சம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அது நாளைக்கு 7 ஆகும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். 5 வோல்ட்டுக்கும் நடுக் கம்பிக்கும் இடையே, கணினிக்குப் பதில் சுமையாக, அந்த 4.7 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், ரெசிஸ்டர் கொதிக்கும். பீங்கான் தட்டின் மேல் வைத்து, கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது ஒருமுறை, பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். குளிர்ந்த அடாப்டர் 5.05 காட்டிவிட்டு, சூடேறியதும் 5.6க்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெக்கையில், மேசைக்கு அடியில் காற்றில்லாத மூலையில் கிடக்கும் அடாப்டருக்கு ஒரு மணி நேரச் சோதனை அதிகமில்லை.

இதில் தேறாத அடாப்டரை மாற்றத்தான் வேண்டும். இன்னொரு பழைய அடாப்டரைத் தேடி அலையாதீர்கள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே இப்படிப் பழையவை கண்ணில் படும். ஆனால் வாங்கியவனுக்குக் கிடைத்தது அதே வயதுள்ள இன்னொரு அடாப்டர்தான். கொமடோர் 64க்கென்றே புதிதாகச் செய்து விற்கப்படும் அடாப்டர்கள் இப்போது உண்டு. 230 வோல்ட்டுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். அதோடு, அடாப்டருக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டும் சிறு காவல் பெட்டியும் கிடைக்கிறது, 5 வோல்ட் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டித்துவிடும். புது அடாப்டருக்குக்கூட நான் அதை மாட்டியே பயன்படுத்துகிறேன்.

அறிகுறி: சிவப்பு விளக்கே எரியவில்லை

சுவர் சாக்கெட்டின் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் வயர் இரண்டையும் வேறொரு பொருளைச் சொருகிப் பாருங்கள். அடுத்து, மூன்று முனைப் பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ஃபியூஸைக் கழற்றி மீட்டரின் பீப் ஒலியில் சோதியுங்கள். போயிருந்தால் 3 ஆம்பியர் போடுங்கள். கையில் கிடைத்தது என்று 13 போடுவது பல வீடுகளில் வழக்கம். இவ்வளவு சிறிய அடாப்டருக்கு அது பாதுகாப்பில்லை.

ஃபியூஸ் சரி என்றால், பிளக் இன்னும் வெளியே இருக்கும்போதே அதன் லைவ், நியூட்ரல் முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் வயர் உள்ளே அறுந்திருக்கலாம், இல்லையென்றால் சுற்றே போயிருக்கும். வயரை அடாப்டருக்குள் நுழையும் இடத்தில் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது அளவு வந்து வந்து போனால் வயர்தான். அதை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், 230 வோல்ட் ஓடும் இடம் அது.

அடாப்டரில் 5 வோல்ட் ஒழுங்காக வந்தும் விளக்கு எரியவில்லையா? கணினியின் சுவிட்ச். பக்கத்தில் இருக்கும் அந்தக் கறுப்பு சுவிட்சின் வழியாகத்தான் 5 வோல்ட்டும் போகிறது, 9 வோல்ட்டும் போகிறது. நம் ஊர் ஈரத்தில் பல வருடம் சும்மா கிடந்தால் உள்ளே பாசி பிடித்தமாதிரி ஆகிவிடும். எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு முப்பது தடவை போட்டுப் போட்டு அணையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. ஆகவில்லை என்றால் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் தெளித்து மறுபடியும் அதே வேலை. அதற்கும் மசியவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும், சால்டர் பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

மிக அதிகமாக வருவது இதுதான், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். விளக்குக்கு 5 வோல்ட் கம்பி போதும். அது எரிவதால் மின்சாரம் முழுவதும் சரி என்று ஆகிவிடாது.

*டிவிதான் காரணமா?* ஆன்டெனா வயர் வழியாக இணைத்திருந்தால் பிஏஎல் (நம் ஊர் பழைய டிவி முறை) கொமடோர் 64 யுஹெச்எஃப் அலைவரிசையின் 36ஆம் சேனலில் படம் அனுப்பும். சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரியோடு நின்றுபோனது. இப்போதைய டிவியில் தானாகத் தேடச் சொன்னால் டிஜிட்டலை மட்டும் தேடிவிட்டு நின்றுவிடலாம். அனலாக் தேடலைத் தனியாகப் போடுங்கள். அதைவிட நல்லது, ஏவி கேபிள் ஒன்று வாங்கி மஞ்சள் முனையைச் சொருகுவது. இதைச் செய்யாமல் கணினியைத் திறக்காதீர்கள்.

*9 வோல்ட் ஃபியூஸ்.* டிவி சரி, அடாப்டரும் மேலே சொன்ன சோதனையில் தேறிவிட்டது என்றால் கணினியைத் திறக்கலாம். எல்லா வயரையும் கழற்றுங்கள். கீழ்ப்பக்கம் முன்புறத்தில் மூன்று ஸ்குரூ. மேல் மூடியைத் தூக்கும்போது கீபோர்டு வயரும் விளக்கின் வயரும் போர்டில் மாட்டியிருக்கும், இழுத்துவிடாதீர்கள். பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் தெரியும், 1.5 ஆம்பியர். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் வெளியே எடுத்து மீட்டரில் சோதியுங்கள். பழைய பெரிய போர்டுகளில் இந்த ஃபியூஸ் போனால் வீடியோ சிப்புக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். விளக்கு எரியும், திரை கறுப்பு. சில வெள்ளியில் முடிகிற கதை.

புது ஃபியூஸ் பழையதன் அளவிலேயே, அதே 1.5 ஆம்பியரில் இருக்கட்டும். போட்டவுடன் அதுவும் போனால் இன்னொன்று போடாதீர்கள். பின்னால் யூசர் போர்ட்டிலும் டேப் போர்ட்டிலும் மாட்டியிருப்பவற்றைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு முறை முயலுங்கள். அப்போதும் போனால் போர்டில் 9 வோல்ட் பக்கம் எங்கோ ஷார்ட் ஆகிறது. அங்கிருந்து அது பழுதுபார்ப்பவரின் வேலை. அலுமினியத் தாளைச் சுற்றி வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

*5 வோல்ட் உள்ளே வந்து சேர்கிறதா?* பின்புற யூசர் போர்ட்டின் மேல் வரிசையில் 1 என்பது கிரவுண்ட், 2 என்பது 5 வோல்ட். மீட்டர் முனையை நழுவவிடாமல் அங்கே அளந்து பாருங்கள். அடாப்டரில் 5.1 இருந்து, இங்கே 4.6 தான் வருகிறது என்றால் நடுவில் சுவிட்ச் அல்லது பவர் சாக்கெட் மின்சாரத்தைத் தின்கிறது.

*சிப்.* எல்லா இடத்திலும் வோல்டேஜ் சரியாக இருந்தும் கறுப்பு என்றால்தான் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும். கணினியை இரண்டு நிமிடம் போட்டுவைத்து அணைத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். மெமரி சிப் வரிசையில் ஒன்று மட்டும் சுடுகிறது, பக்கத்தில் இருப்பவை வெதுவெதுப்பாக இருக்கின்றன என்றால் அந்த ஒன்று செத்திருக்கலாம். பழைய அடாப்டரை அளக்காமல் சொருகிய வரலாறு இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய தேடலில் பாதி குறையும். மெமரி சிப்புகளையும், எந்தச் சிப் எப்போது இயங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப்பையும் கழற்றி மாற்றுவது முதல்முறை சால்டர் பிடிப்பவருக்கு ஏற்ற வேலை அல்ல. போர்டின் தடங்கள் மெல்லியவை, சூட்டில் உரிந்து வந்துவிடும்.

அறிகுறி: படம் வருகிறது, சத்தம் இல்லை

டிவியின் ஒலியையும் கேபிளையும் பார்த்த பிறகு அதே 1.5 ஆம்பியர் ஃபியூஸைச் சோதியுங்கள். பிற்கால சிறிய போர்டில் வீடியோ சிப்புக்கு 5 வோல்ட்டே போதும், சவுண்ட் சிப்புக்குத்தான் 9 வோல்ட் பக்கம் தேவை. அதனால் 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று அழகாகத் திரை வரும், ஒலி மட்டும் இருக்காது. டேப் மோட்டாரும் சுற்றவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், 9 வோல்ட் வரவில்லை. மோட்டார் சுற்றுகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் சவுண்ட் சிப் அல்லது அதற்கான ரெகுலேட்டர். சவுண்ட் சிப் இப்போது அரிதாகிவிட்டது, விலையும் அதிகம். வாங்குவதற்கு முன் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: பத்து இருபது நிமிடம் ஓடிவிட்டு உளறுகிறது

எழுத்துகள் சிதறும், விளையாட்டு உறைந்துபோகும், சில நேரம் தானாக மறுபடி தொடங்கும். அணைத்து அரை மணி ஆறவிட்டால் சரியாகிவிடும். இதைப் பார்த்தவுடன் கணினியை உடனே அணையுங்கள். அடாப்டர் ஏறுமுகத்தில் இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் சிப்புகளுக்கு ஆபத்து.

அடாப்டரை ரெசிஸ்டரோடு ஒரு மணி நேரம் சோதியுங்கள். ஏறினாலும் சரி, 4.75க்குக் கீழே இறங்கினாலும் சரி, மாற்ற வேண்டியதுதான். அசையாமல் நின்றால் அடுத்த கட்டம்: மீட்டரை யூசர் போர்ட்டில் பிடித்தபடி கணினியை ஓட்டி, உளறும் அந்த நேரத்தில் எண் என்ன என்று பாருங்கள். அந்த நொடியில் 5 வோல்ட் தளர்ந்தால் சுவிட்ச், சாக்கெட், போர்டின் சால்டர் என்று தேடலாம். துளியும் அசையவில்லை என்றால் சூடேறும் சிப் ஒன்று உள்ளே இருக்கிறது, மின்சாரத்தின் மேல் குற்றமில்லை. இந்த ஒரு அளவு பல வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: திரையில் பட்டை ஊர்கிறது, ஒலியில் ஊம் என்ற இரைச்சல்

முதலில் பக்கத்தில் இருக்கும் போன் சார்ஜர், எல்இடி விளக்கு, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். அடாப்டரை டிவிக்குப் பின்னால் வைத்திருந்தால் அதையும் நகர்த்துங்கள்.

போகவில்லை என்றால் அடாப்டரில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். ரெசிஸ்டரை மாட்டி, மீட்டரை ஏசியில் வைத்து 5 வோல்ட் கம்பியை அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட், சில பத்து மில்லிவோல்ட் என்றால் நல்லது. நூறைத் தாண்டினால் நான் அந்த அடாப்டரை நம்புவதில்லை. ஒரு எச்சரிக்கை: மலிவான சில மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் டிசியைச் சேர்த்துக் கணக்கிட்டுவிடும். ஒரு பேட்டரியை ஏசியில் அளந்து, பிறகு முனைகளை மாற்றியும் அளந்து பாருங்கள். இரண்டிலும் சுழி வந்தால் மீட்டர் சரி. ஒரு பக்கம் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு காட்டினால் இந்தச் சோதனைக்கு அந்த மீட்டர் உதவாது.

அடாப்டர் சுத்தமாக இருந்தும் பட்டை ஊர்ந்தால் கணினியின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள். சால்டர் தெரிந்தவருக்கு எளிதான வேலை. துருவத்தை மாற்றிப் போட்டால் வெடிக்கும் என்பதால் தெரியாதவர் தொட வேண்டாம்.

அறிகுறி: சொருகியதும் வீட்டு பிரேக்கர் விழுகிறது

அந்த அடாப்டரின் கதை முடிந்தது. இன்னொரு தடவை முயல வேண்டாம். வேறொரு பொருளை அதே சாக்கெட்டில் போட்டாலும் விழுகிறது என்றால் பிரச்சினை சுவரில் இருக்கிறது. அதற்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும், நாமாக சாக்கெட்டைக் கழற்றக் கூடாது.

கணினி அமெரிக்காவிலிருந்து வந்ததா?

அடாப்டரின் அடியில் 117 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது. பிளக்கின் வடிவத்தை மாற்றும் டிராவல் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. இந்த ஒரு தவறில் போன கணினிகள் பல. 230 வோல்ட்டுக்கான புது அடாப்டர் வாங்கிவிடுங்கள். அமெரிக்கக் கணினி அதில் ஓடும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் படத்துக்குப் பாதிப்பில்லை. டிவி அமெரிக்க முறையான என்டிஎஸ்சி படத்தைக் காட்டுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாடை, புகை

அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு, மீன் வாடை, உருகிய பிளாஸ்டிக் வாடை என்றால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுங்கள். அதற்கு மேல் சோதனை எதுவும் வேண்டாம்.

பிபிசி மைக்ரோ, ஆப்பிள் II போல பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் கணினிகளில் வேறு ஒரு புகை உண்டு. போட்டுப் பத்து நிமிடத்தில் டப் என்ற சத்தம், வீடெல்லாம் வெண்புகை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் ரிஃபா என்ற காகித கெப்பாசிட்டரின் தேன் நிற உறை காலப்போக்கில் விரிசல் விட்டு, ஈரம் உள்ளே போய்விடும். நம் ஊர் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பயமுறுத்தினாலும் பெரும்பாலும் கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சன்னலைத் திறந்துவிட்டு, பிளக்கை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். புதிதாகப் போடுவது அதே மதிப்பில், சுவர் மின்சாரத்துக்கென்றே பாதுகாப்பாகச் செய்யப்படும் எக்ஸ்2 வகையில் இருக்கவேண்டும். ஆனால் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அந்தப் பெட்டியின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிவி, மானிட்டர் பவர் சப்ளை பார்த்துப் பழகியவரிடம் பெட்டியை மூடியபடியே கொடுங்கள். எந்த நேரத்தில் புகை வந்தது, அப்போது பிரேக்கர் விழுந்ததா, அதற்குப் பிறகு கணினி ஓடியதா என்ற மூன்றையும் தாளில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள்.